குடைக்குத் தடை, பூவுக்குத் தடை: ஒரு ஷூட்டிங்கின் பின்வாசல்

வளசரவாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே இருக்கிறது அந்த ஸ்டுடியோ. வெளியிலிருந்து பார்த்தால் அரிசி குடோன் என்றுதான் நினைப்பீர்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. 'உள்ளே வெள்ளைத் தரை. காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்' என்று கதவில் ஒரு தாள். அதைப் படித்த ஸ்டைலிஸ்ட் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இன்னிக்கு எடுக்கப்போற படத்துக்கு இதைவிடப் பொருத்தமான போர்டு தேடினாலும் கிடைக்காது!" ஏன் என்பது உள்ளே போனால் தெரியும். வாங்க, என் பின்னாலேயே வாங்க. தரையெல்லாம் கேபிள், காலைப் பார்த்து வையுங்கள்.

உள்ளே நடப்பது ஃபேஷன் ஷூட். ஒரு பட்டுப்புடவைக் கடை விளம்பரத்துக்கு என்னென்ன வருமோ அத்தனையும் வந்திறங்கியிருக்கிறது: ஆளுயர லைட்டுகள், வெள்ளைத் தெர்மாகோல் பலகைகள், ஸ்டீமர், இரண்டு பெட்டி மேக்கப், டப்பா டப்பாவாக ஊக்கு, கால் ஒன்று ஆடும் டேபிள் ஃபேன். ஆனால் விற்பதற்கு இங்கே ஒரு பொருளும் இல்லை. எடுக்கப்போகும் எட்டுப் படங்களுக்கும் என்ன உடுத்த வேண்டும், என்ன சூட வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? 1930இல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கம் செய்த சாதிக்காரர்கள்!

அந்த வருஷம் டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் ஆகாது. கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வெயிலோ மழையோ ஆண்கள் குடை பிடிக்கவும் கூடாது, செருப்பு போடவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் பாழானது, ஆடு மாடு கொள்ளை போனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தன்னுடைய 'காஸ்ட் இன் இந்தியா' புத்தகத்தில் இதையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்து, ஸ்டுடியோ சுவரில் ஒட்டி, ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் ஒரு ஹேங்கரை மாட்டியிருக்கிறார்கள். மூன்றாவது தடைக்கு நேரே சாம்பல் நிறக் கோட்டு. ஆறாவதற்கு நேரே செங்கல் நிற ரவிக்கை. எட்டாவதற்கு நேரே ஒரு குடையும், தொங்கவிட வழியில்லாமல் கயிற்றில் கட்டிய ஒரு ஜோடி செருப்பும். கதவுப் போர்டுக்கு எதற்குச் சிரித்தார் என்பது இப்போது புரிந்திருக்குமே!

திட்டம் இதுதான். 1930இல் தடை செய்யப்பட்டதை எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போயிருந்தால் படம் எப்படி வந்திருக்கும்? அந்தப் படத்தைத்தான் இன்றைக்கு எடுக்கிறார்கள். நண்பர்கள் கூடிக் கைக்காசு போட்டு நடத்தும் வேலை என்பதால் சம்பளம் யாருக்கும் கிடையாது. டீ மட்டும் அளவில்லாமல் வருகிறது.

பின்னணித் திரையைப் பாருங்கள். மாடிப்படி, பளிங்குத் தூண், தூரத்தில் ஏரி, ஏரியில் ஒரு அன்னம். சினிமா பேனர் வரைந்து, ஃப்ளெக்ஸ் வந்ததும் தூரிகையை மூட்டை கட்டிய ஒரு பெரியவர் வரைந்தது. "மாஸ்டர், அன்னம் வாத்து மாதிரி இருக்கே" என்று லைட் பையன் வம்பிழுக்கிறான். "அந்தக் கால ஸ்டுடியோல எல்லா அன்னமும் வாத்துதான்டா" என்கிறார் தலையைத் திருப்பாமல். பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் விபத்து நடக்கும்.

மேக்கப் ரூமுக்குப் போவோமா? ரூம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, ஆறு பல்பு, அதில் எரிவது நாலு. மாடல்கள் யாருமே தொழில்முறை மாடல்கள் இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன், ஒரு நர்ஸ், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பேத்தி வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு அப்பத்தா. நாற்காலியில் உட்கார்ந்த மாணவன் மெதுவாகக் கேட்கிறான்: "அக்கா, ஒரு ஷேட் கொறச்சு போடுங்களேன்." மேக்கப் அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. உன் கலர் ஃபவுண்டேஷன் வாங்க நான் மூணு கடை ஏறி இறங்கினேன் தம்பி. அதைத்தான் போடுவேன்."

அவருடைய செல்லில் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் 'டார்க் இஸ் டிவைன்' வரிசையும் இருக்கிறது. 2017 கடைசியில் சென்னையில் பரத்வாஜ் சுந்தர், நரேஷ் நீல் என்ற இருவர் எடுத்தது. லட்சுமி, சரஸ்வதி, முருகன், சிவன் என்று காலண்டரில் நாம் சிவப்பாகப் பார்த்துப் பழகிய தெய்வங்களுக்குக் கறுத்த மேனி மாடல்கள். "சாமியே இந்தக் கலர்ல இருக்கு, உனக்கென்ன?" என்று படத்தை மாணவனிடம் நீட்டுகிறார். பையன் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் மட்டும் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறான்.

"குடை ரெடியா?" என்று வெளியே குரல். ஓடுங்கள், முதல் படம்!

குடை பழைய சாமான் கடையில் பிடித்தது. மூங்கில் கைப்பிடி, கறுப்புத் துணி, கம்பி ஒன்று பல்லை இளிக்கிறது. பூச்சி அரித்த ஓட்டைகள் வேறு. தைக்கலாம் என்று ஊசியோடு வந்த உதவிப் பெண்ணை ஸ்டைலிஸ்ட் தடுத்துவிட்டார். பின்னாலிருந்து லைட்டை எரியவிட்டதும்தான் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வெளிச்சப் புள்ளி! ஆட்டோ அண்ணன் தலைக்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. நாங்கள் எல்லாரும் 'ஆ'வென்று வாய் பிளக்க, அண்ணன் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணே, ஏன் மொறைக்கிறீங்க?"

"சாதிக் கொடுமைப் படம்னு சொன்னீங்க. அதான் கோவமா நிக்கணும்னு கண்ணாடி முன்னாடி ப்ராக்டிஸ் பண்ணிட்டு வந்தேன்."

"கோவம் வேணாம்ணே. நல்ல மழை, கைல நல்ல குடை. அவ்ளோதான். சவாரி கிடைச்ச மாதிரி நில்லுங்க."

"மீட்டர் சவாரியா, பேசி ஏறின சவாரியா?"

ஸ்டுடியோ மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் போட்டோகிராபர் நாலைந்து கிளிக் அடித்துவிட்டார். அப்புறம் மழை. ஏணி மேலே ஒருவர் ஏறி நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறார். பாதி குடையில், பாதி லைட் ஸ்டாண்டில். "டேய், ஷாக் அடிச்சா எட்டாவது தடையை நாமே அமல்படுத்தின மாதிரி ஆயிடும்!" என்று கீழேயிருந்து ஆர்ட் டைரக்டர் கத்துகிறார். பிளக்கைப் பிடுங்கி, ஸ்டாண்டை நகர்த்தி, பாலிதீன் கவர் சுற்றி, திரும்ப மழை. வேட்டி கணுக்கால் வரை இறங்கியிருக்கிறதா என்று ஸ்டைலிஸ்ட் ஈரத்தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது என்பதுதானே இரண்டாவது தடை. அதனால் ஃப்ரேமில் அதிகம் இடம் பிடிப்பது அந்த வேட்டியின் நீளம்தான்.

அடுத்து கோட்டு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வாடகைக் கடையில் எடுத்திருந்தால் வேலை சுலபம். வடபழனிப் பக்கம் சினிமாவுக்கு உடை கொடுக்கும் கடைகளில் எல்லாக் காலத்து உடுப்பும் உண்டு. இவர்களும் போய்க் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பணக்கார கெட்டப்பா, ஏழை கெட்டப்பா?" ஏழை கெட்டப் என்றதும் டீ டிகாஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கிய சட்டைகளை அள்ளிப் போட்டிருக்கிறார். "ஒடுக்கப்பட்டவன்னா சினிமாவுல அழுக்குச் சட்டை. அந்த அழுக்கையும் நாமளே தயார் பண்றோம் பாருங்க!" என்று சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார் ஸ்டைலிஸ்ட். அதனால் இந்த ஷூட்டில் ஒரு விதி: எல்லாம் புதுத்துணி, மாடலின் அளவுக்கே தைத்தது. கோட்டு மட்டும் விதிவிலக்கு. தைக்கக் கொடுத்த இடத்தில் காலை வாரிவிட்டதால் கடைசி நேரத்தில் ஒரு நண்பரின் கல்யாணக் கோட்டு வந்திருக்கிறது. நண்பர் நல்ல ஆகிருதி. மாணவன் ஒல்லி. எனவே முதுகுப் பக்கம் வரிசையாகக் கிளிப்புகள். முன்னால் பார்த்தால் பாரிஸ்டர், பின்னால் போய்ப் பார்த்தால் துணி காயும் கொடி!

கோட்டுக்கென்று சுவரில் தனியாக ஒரு மூலையே ஒதுக்கியிருக்கிறார்கள். கோட்டு சூட்டில் அம்பேத்கர். தலைப்பாகையும் கோட்டுமாக அய்யங்காளி. 1893இல் திருவிதாங்கூரில், தன் மக்களுக்குத் தடை செய்யப்பட்ட சாலையில் வில்லுவண்டி ஓட்டிப் போனவர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது சூட் அணிந்து வந்து நின்ற 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு. நடுவில் ஒரு தேதி மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறது: 22.9.1921. மதுரையில் காந்தி மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறிய நாள். அதே மதுரைக்குப் பக்கத்து ஜில்லாவில், ஒன்பது வருஷம் கழித்து, சட்டை போட்டதற்காக வீடு எரிந்திருக்கிறது. துறப்பதற்கும் முதலில் ஒரு சட்டை இருக்க வேண்டும் அல்லவா? 'கபாலி' (2016) பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

மாணவன் தூணில் சாய்ந்து ஸ்டைலாக நிற்கிறான். அதாவது, வரைந்த தூணில். சொன்னேனே விபத்து என்று! முழங்கை முழுக்கப் பச்சை பெயின்ட். நண்பரின் கல்யாணக் கோட்டு! ஒரு கணம் யாரும் பேசவில்லை. பேனர் பெரியவர் நிதானமாக டர்பன்டைன் பாட்டிலைத் திறந்து, பஞ்சில் தொட்டு, துணி நோகாமல் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டார். "இவ்ளோ வருஷத்துல எத்தனை ஹீரோ சட்டையைத் தொடச்சிருக்கேன்" என்றார். யார் யார் என்று கேட்டோம், வாயைத் திறக்கவில்லை.

மதிய சாப்பாடு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம். லைட் பெட்டிகள்தான் நாற்காலி. சிரிப்புக்கு நடுவே ஒரு சண்டையும் நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உதவிக்கு வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "எல்லாம் இவ்ளோ அழகா இருக்கே, இது சரியா? நடந்த கொடுமை எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. இந்த வகை வேலை வழுக்கி விழுந்த கதைகள் உண்டு. 2014இல் மும்பைக்காரர் ஒருவர் பேருந்துக்குள் விலையுயர்ந்த உடை அணிந்த பெண்ணை ஆண்கள் சூழ்ந்து தொந்தரவு செய்வதுபோல ஃபேஷன் படங்கள் எடுத்து வெளியிட்டார். டெல்லிப் பேருந்துக் கொடுமை நடந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாடே கொதித்தது, படங்களை நீக்க வேண்டி வந்தது.

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஆர்ட் டைரக்டர் பதில் சொன்னார். "அந்தப் படத்துல வன்முறையை எடுத்து டிரஸ்ஸுக்குப் பின்னணியா வெச்சாங்க. இங்கே டிரஸ்ஸேதான் பிரச்சினை. வெட்டினதும் எரிச்சதும் பூவுக்காக, குடைக்காக. அப்போ பூவும் குடையும் அழகா இல்லாட்டி அவனுங்க எதுக்குப் பயந்தாங்கன்னே புரியாதே?" அந்தப் பெண் முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எனக்கென்னவோ அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் செட்டில் இருந்தது அதைவிட நல்லது. சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டோ அண்ணனின் இரண்டு படங்களை 'ரொம்ப விளம்பரமா இருக்கு' என்று ஆர்ட் டைரக்டரே தூக்கிவிட்டார்.

இதே வேலையை நுட்பமாகச் செய்துகாட்டிய முன்னோடி பெங்களூரில் இருக்கிறார். புஷ்பமாலா என். 2000க்கும் 2004க்கும் இடையே கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்' வரிசையை எடுத்தார். ரவிவர்மாவின் லட்சுமியாக, போலீஸ் பிடித்துவந்து நிறுத்திய திருடியாக, வெள்ளைக்காரர்கள் கட்டம் போட்ட திரைக்கு முன் அளந்து படமெடுத்த பழங்குடிப் பெண்ணாக, எல்லாமாக அவரே வேஷம் கட்டினார். திரை வரைவதும் தலை பின்னுவதும் லைட் தூக்குவதுமான செட் படங்களும் அந்த வரிசையில் ஒரு பகுதி. இந்த ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அந்தப் படங்கள் மனப்பாடம்.

சரி, பாத்திரக் காட்சி! பெரிய கலாட்டாவே இங்கேதான். மண்பாண்டம் தவிர வேறு கூடாது என்ற தடைக்காகப் பித்தளைத் தவலை, செம்புக் குடம், கும்பா, சொம்பு என்று யார் யார் வீட்டிலிருந்தோ வந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொன்றின் கழுத்திலும் புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர், இனிஷியல், ஏதோ ஒரு கல்யாணத் தேதி. காலையிலிருந்து ஒரு பையன் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எல்லாவற்றையும் தங்கமாக்கி வைத்திருக்கிறான். போட்டோகிராபர் கேமராவில் கண்ணை வைத்தார். தவலையின் வயிற்றில் மொத்த ஸ்டுடியோவும் தெரிகிறது! லைட், ஏணி, போட்டோகிராபர், மூலையில் வடை தின்னும் நான்.

"பவுடர் அடிச்சு பளபளப்பைக் கொறச்சிடலாம்" என்றார் போட்டோகிராபர். தேய்த்த பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சார், நகமெல்லாம் போச்சு சார்!" கடைசியில் பையன் ஜெயித்தான். பெரிய கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, போட்டோகிராபர் அதற்குள் போய்விட்டார். ஏ.சி. ஏற்கெனவே திணறுகிறது. துணிக்குள்ளிருந்து சூடாக வசவும் வியர்வையும் வெளியே வருகின்றன. வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் கொத்தின எழுத்துகள் ஒவ்வொரு புள்ளியாக எழுந்து நிற்கின்றன. 1930இல் போட்ட எட்டுத் தடைகள் சரியாக மதிக்கப்படவில்லை என்று அதே ஆதிக்கச் சாதிக்காரர்கள் 1931 ஜூனில் கூடி, பதினோரு தடைகளாக்கினார்கள். அதில் பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், கல்யாணத்தில் மேளம் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்றெல்லாம் சேர்ந்துகொண்டது. ஒரு குடம் எவ்வளவு உறுத்தியிருந்தால் அதை இரண்டு பட்டியலிலும் எழுதுவார்கள்!

நர்ஸ் அக்காவின் ரவிக்கை, பஃப் கை வைத்தது. டெய்லர் மாஸ்டர் மிஷினோடு இங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். "பஃப் நிக்கணும்னா உள்ளே கேன்வாஸ் குடுக்கணும்மா, இல்லாட்டி அமுங்கின பூரி" என்கிறார். தைக்கும்போது அவரிடம் தோள்சீலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் ஸ்டைலிஸ்ட். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பல வருஷம் அடி வாங்கிப் போராடி, 1859இல் மேலுடம்பை மறைக்கலாம் என்று அரசு அறிவிப்பு வாங்கினார்கள். அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள்: மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டார். "அப்போ துணி பிரச்சினை இல்லியா? கட்டிங்தான் பிரச்சினையா?" என்றார். ஸ்டைலிஸ்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறைதான்; நாலு மாதமாகத் தான் எல்லாருக்கும் விளக்க முயன்றதை மாஸ்டர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம். நர்ஸ் அக்கா தோளை நிமிர்த்திக் கேமரா முன்னால் உட்கார்ந்ததும், "எங்க ஹெட் சிஸ்டர் மாதிரி பாக்கட்டுமா?" என்று கேட்டார். பார்த்தார். லைட் பையன்கூட நேராக நின்றுகொண்டான்.

கிராப் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முடி வெட்டுகிறவர் வந்தார், வெட்டினார், முப்பதுகளின் கிராப்பும் இன்றைய கல்லூரிக் கிராப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எல்லாரும் கண்டுபிடித்தோம், தரையெல்லாம் முடி. நகைப் படத்துக்கு மயிலாப்பூரில் பரதநாட்டிய நகை வாடகைக்கு எடுத்ததோடு சரி. அது கவரிங் என்று தெரிந்ததும் அப்பத்தா தன் மூக்குத்தியைக் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஏங்கிட்ட இருக்கிறது நெசத் தங்கம்த்தா."

அப்பத்தா! அவரைப் பற்றிச் சொல்லத்தான் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன்.

பூக்கள் விடியற்காலை கோயம்பேட்டில் வாங்கியவை. மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, தாழம்பூ. ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்தும் மதியத்துக்குள் மல்லிகை தளர்ந்துவிட்டது. ஸ்ப்ரே பாட்டிலோடு ஒருத்தி அதன் பக்கத்திலேயே காவல். அப்பத்தா நாற்காலியில் அமர்ந்ததும் ஸ்டைலிஸ்ட் ஒரு முழத்தை எடுத்தார். "எனக்கா? கெழவிக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பூவு? கல்யாணமா காச்சியா?" என்று தலையைச் சிலுப்பினார். சரி அப்பத்தா, கொஞ்சமாக வைக்கலாம் என்று ஒரு சின்னச் சரம் செருகினார்கள். கண்ணாடியில் பார்த்தார். இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை.

"இந்தப் பக்கம் மொட்டையா இருக்கே."

இன்னொரு சரம். அப்புறம் கனகாம்பரம். அப்புறம் "அந்த வாசனை பச்சை என்ன, மரிக்கொழுந்தா? அதையும் வையி." தாழம்பூ மடலைத் தானே கேட்டு வாங்கி, எப்படி மடித்துப் பின்னலில் தைக்க வேண்டும் என்று ஸ்டைலிஸ்டுக்கே வகுப்பெடுத்தார். கொண்டை முகத்தைவிடப் பெரிதாகிவிட்டது. மேக்கப் அக்கா மஞ்சளைக் குழைத்துக் கன்னத்தில் பூசியபோது, "ஏப்பா, எங்க ஆத்தா தலையில பூவு வச்சு நாம் பாத்ததே இல்ல. வச்சுக்க ஆத்தான்னா, 'பழக்கமில்லடி'ம்பா. சின்னப் பிள்ளையில எதுக்குன்னு வெளங்கல" என்றார், சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்லும் குரலில். ஸ்ப்ரே பாட்டில் பெண்ணின் கை நின்றுவிட்டது. அப்பத்தா கவனிக்கவே இல்லை. "தம்பி, காத்தாடிய இங்கிட்டுத் திருப்பு, வேக்குது" என்று டேபிள் ஃபேனை விரட்டுகிறார்.

படம் எடுத்தார்கள். முதல் ஃப்ரேம்களில் அப்பத்தா நேராக, கம்பீரமாக, மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பூ கனத்தில் கழுத்து சாயாமல் இருக்க நாற்காலிக்குப் பின்னால் ஒரு பையன் குனிந்து உட்கார்ந்து கொண்டையைத் தாங்கிப் பிடித்திருக்கிறான், ஃப்ரேமில் வராமல். வியர்வை அவன் மூக்கிலிருந்து சொட்டுகிறது. "அப்பத்தா, சிரிக்காம." "நீ சிரிப்புக் காட்டாம எடு." கடைசியில் கை மரத்துப்போய் அந்தப் பையன் தொப்பென்று பின்னால் சாய, கொண்டை பாதி அவிழ, அப்பத்தா திரும்பி அவன் தலையில் ஒரு குட்டு வைக்க, போட்டோகிராபரின் விரல் தன்னிச்சையாக அழுத்திவிட்டது.

பேக்கப். பித்தளைப் பாத்திரங்கள் எந்த வீட்டுக்கு எது என்று பெயர் பார்த்துப் பிரிக்கிறார்கள், கோட்டின் கிளிப்புகளைக் கழற்றுகிறார்கள், பேனர் பெரியவர் அன்னத்தைச் சுருட்டுகிறார். மானிட்டரைச் சுற்றி எல்லாரும் கூடியிருக்கிறோம். படங்களைக் கேலரியில் மாட்டுவதைவிட ஃப்ளெக்ஸ் அடித்து ஏதாவது ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்டலாம் என்று ஆர்ட் டைரக்டர் சொல்ல, "என் பொழப்பைக் கெடுத்த ஃப்ளெக்ஸா?" என்று பெரியவர் பாய்கிறார். அந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது.

போட்டோகிராபர் அப்பத்தாவின் கம்பீரமான ஃப்ரேமைப் பெரிதாக்கிக் காட்டினார். வெளிச்சம், மஞ்சள், மூக்குத்தி எல்லாம் அமைந்த படம். அப்பத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது எழவு வீட்டுப் படமாட்டம் இருக்கு. அந்தக் குட்டு வச்சத காட்டு" என்றார். காட்டினார்கள். ஓரத்தில் லைட் ஸ்டாண்ட் தெரிகிறது, பின்னால் பையனின் கால்கள் ஆகாயத்தில், பூ பாதி காற்றில், அப்பத்தாவின் வாய் நிறையச் சிரிப்பு.

"இதான்! இதத்தேன் வீட்டுல மாட்டணும். லேமினேசன் போட்டுக் குடுத்துரு."

"அப்பத்தா, அதுல லைட்டெல்லாம் தெரியுது..."

"தெரிஞ்சா என்னப்பா? லைட்டுக்குமா தடை போட்டாக?"

போட்டோகிராபர் தலையைச் சொறிந்துகொண்டு ஆர்ட் டைரக்டரைப் பார்த்தார். அவர் ஸ்டைலிஸ்டைப் பார்த்தார். ஸ்டைலிஸ்ட் ஏற்கெனவே அந்தப் படத்தின் எண்ணைச் சுவர் தாளில், ஏழாவது தடைக்கு நேரே, எழுதிக்கொண்டிருந்தார்.